விளக்குக் கம்பம் வரை

அத்தியாயம் ஒன்பது

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு அந்த வீட்டில் நான்கு பேர் இருந்தார்கள். எழுந்து பரிமாற வசதியாக அடுப்பை ஒட்டி ஃபோஸ்கா. அவளுக்கு எதிரே, கதவோரம், மகன் டூச்சியோ. கைப்பேசியைத் தட்டுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்தான். அவனுக்கு வலப்பக்கம் மருமகள் லுடோவிகா. ஜன்னல் பக்கம் ஃபோஸ்காவின் அண்ணன் கீனோ, ஜன்னலுக்கு முதுகைக் காட்டியபடி.

கீனோ அந்த வீட்டில் எப்போதும் அப்படித்தான் உட்காருவார். ஜன்னலுக்கு வெளியே ஆமைப் பேட்டையின் மஞ்சளும் நீலமுமான கொடி தொங்குகிறது. நத்தைப் பேட்டையில் பிறந்தவன் அதைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டால் சோறு இறங்காது என்பது அவர் கட்சி.

ஐந்தாவது நாற்காலி ஃபோஸ்காவின் கணவர் லிவியோவினுடையது. அதில் ஒரு பழுப்புத் தோல் பை இருந்தது.

பிப்ரவரியில் லிவியோ போய்ச் சேர்ந்ததும், கீனோ தன் வீட்டுப் பின்னறைக்கு வெள்ளையடித்துத் தங்கைக்காகத் தயார் செய்ததும், டூச்சியோ தூரின் நகரத்தில் லிஃப்ட் உள்ள தன் வீட்டில் அம்மாவுக்கு ஓர் அறை ஒழித்து வைத்ததும் நாம் பார்த்தோம். இரண்டு பேருக்கும் ஃபோஸ்கா சொன்ன பதில் ஒன்றுதான்: "பாக்கலாம்."

அந்தப் "பாக்கலாம்" இன்றோடு முடிகிறது. நாளைக் காலை சதுக்கத்தில் சீட்டுக் குலுக்கிப் பேட்டைகளுக்குக் குதிரை பங்கிடுவார்கள். அப்போதிருந்து பந்தயம் ஓடி முடியும் வரை நான்கு நாள், எங்கள் சியேனாவில் அவரவர் பிறந்த பேட்டையில்தான் அவரவர் இருக்க வேண்டும். ஆமையும் நத்தையும் பரம விரோதிகள். ஆமைக்கு வாக்கப்பட்ட நத்தை, பையைக் கட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குக் கிளம்பிவிட வேண்டியதுதான். ஜூலைப் பந்தயத்துக்கு ஒரு முறை, ஆகஸ்ட் பந்தயத்துக்கு ஒரு முறை.

நாற்பத்துநான்கு வருடம் ஃபோஸ்கா அப்படிக் கிளம்பியிருக்கிறாள். ஆமைத் தெரு முடிகிற இடத்தில் உள்ள விளக்குக் கம்பம் வரை லிவியோ பையைத் தூக்கி வந்து, கம்பத்தடியில் வைத்துவிட்டு ஓரடி பின்னால் நகர்ந்துகொள்வார். அந்தப் பக்கத்திலிருந்து கீனோ வந்து எடுத்துக்கொள்வார். மைத்துனர்கள் இருவரும் அந்த நாட்களில் பேசிக்கொள்ள மாட்டார்கள்.

இன்று காலையும் ஃபோஸ்கா கைப்பழக்கத்தில் பையைக் கட்டி முடித்துவிட்டாள். நாலு இரவுக்கு வேண்டிய துணி, செருப்பு, நத்தைப் பேட்டையின் சிவப்பு மஞ்சள் கழுத்துத் துணி. பித்தளைப் பூட்டை அழுத்திய பிறகுதான் வீட்டில் யாரிடம் சொல்லிவிட்டுப் போவது என்று யோசித்தாள். ஆள் இருக்கிற வீட்டைத்தான் விட்டுவிட்டுப் போக முடியும்.

"நாளைக்குக் காலையில கம்பத்துகிட்ட நிக்கறேன்," என்றார் கீனோ, ஊறிய ரொட்டியும் தக்காளியும் கலந்த பன்ஸனெல்லாவைக் கரண்டியால் கிளறியபடி. "இந்தத் தடவை பெரிய பையா எடுத்துக்க."

"எதுக்கு?"

"திரும்பி எதுக்கு வரணும்? இந்தத் தெருவுல இனிமே உனக்கு யார் இருக்கா?"

டூச்சியோ நிமிர்ந்தான். அப்பாவின் பேட்டை நீரூற்றுத் தண்ணீர் தெளித்து, ஆமை என்று பெயர் சூட்டப்பட்டவன் அவன். "மாமா, ஒரு ஆமை இங்க முழுசா உக்காந்திருக்கேன்."

"நீ தூரின் ஆமைடா. வருஷத்துக்கு ரெண்டு தடவை ரயில்ல வர்ற ஆமை."

"அம்மா எங்களோட வரட்டும்னுதான் நானும் சொல்றேன்."

"லிஃப்ட்ல ஏறி இறங்கவா?"

லுடோவிகா பேச்சை மாற்ற நினைத்தாள். நல்ல பெண். தூரின்காரி. நல்லது செய்யப் போகிறவர்களுக்கே உரிய வேகம் அவளிடம் உண்டு. கைப்பையிலிருந்து மூன்று சீட்டுகளை எடுத்து மேசையில் பரப்பினாள்.

"அத்தை, மாமா போனதுலேர்ந்து நீங்க வீட்டை விட்டு இறங்கவே இல்ல. இன்னைக்கு மூணு மணிக்கு ஊர் சுத்திப் பாக்கப் போறோம். கூட வழிகாட்டி வர்றாங்க."

"நான் பொறந்த ஊரையா?" என்றாள் ஃபோஸ்கா.

"சீட்டு வாங்கியா?" என்று கீனோ சிரித்தார். "எங்க, படி. என்னென்ன காட்டறாங்க?"

லுடோவிகா படித்தாள். "சதுக்கம். கதீட்ரல். பழைய பெரியாஸ்பத்திரி. கடைசியா, முன் அனுமதியோட, ஆமைப் பேட்டை மியூசியம்."

கீனோவின் கரண்டி நின்றது. டூச்சியோ மனைவியைப் பார்த்த பார்வையில், பத்து வருடக் குடித்தனத்துக்குப் பிறகும் உனக்கு இது தெரியாதா என்ற கேள்வி இருந்தது.

"என்ன ஆச்சு?" என்றாள் லுடோவிகா. "மாமா அங்கதானே ஞாயித்துக்கிழமை எல்லாம் இருந்தார்? சுத்திக் காட்டிட்டு?"

"இருந்தார்," என்றார் கீனோ. "சாவியே அவர்கிட்டதான் இருந்தது. அப்பவும் இவ அந்த வாசப்படி மிதிக்கல. நத்தைக்கு அங்க என்ன வேலை?"

உண்மைதான். ஊர் பேர் தெரியாதவர்களுக்கெல்லாம் லிவியோ சுற்றிக் காட்டிய அந்த அறைகளை அவர் மனைவி பார்த்ததில்லை. அவர் கூப்பிட்டதில்லை, அவள் கேட்டதில்லை. கேட்டிருந்தால் இரண்டு பேருக்கும் சங்கடம்.

டூச்சியோவின் கைப்பேசி அதிர்ந்தது. "பேட்டையில கூப்பிடறாங்க. தெருவுல சாப்பாட்டு மேசை போடணுமாம்," என்று எழுந்தவன், மனைவியின் காதருகே, "வேண்டாம்னு சொல்லிடு," என்றான்.

ஃபோஸ்காவுக்கு அது கேட்டது.

"வெயில் இருக்குமே," என்றாள். "தொப்பி எடுத்துக்கணுமா?"

கீனோ ரொட்டித் துண்டைத் தட்டில் வைத்தார். "ஆஸ்பத்திரி வரைக்கும் போ. அதோட திரும்பிடு. நீ அந்த மியூசியத்துக்குள்ள போனது நம்ம பேட்டைக்குத் தெரிஞ்சா, நாளைக்கு நான் எந்த மூஞ்சியோட உன் பையத் தூக்குவேன்?"

"பாக்கலாம்," என்றாள் ஃபோஸ்கா.

*

வழிகாட்டி அரெத்ஸோ ஊர்ப் பெண். எல்லோருக்கும் காதில் மாட்டிக்கொள்ள ஒரு கருவி கொடுத்தாள். பாரி நகரத்திலிருந்து ஒரு தம்பதி, மிலானிலிருந்து சில ஆசிரியைகள், இன்னும் யார் யாரோ. ஒருவரோடு ஒருவர் பேசத் தேவையில்லாமல் எல்லோர் காதிலும் ஒரே குரல்.

ஃபோஸ்காவுக்கு அது பிடித்திருந்தது. சொன்ன விஷயத்தில் அவளுக்குப் புதிது ஒன்றுமில்லை. ஆனால் பிப்ரவரிக்குப் பிறகு அவள் காதருகே இவ்வளவு நேரம் யாரும் பேசியதில்லை.

சதுக்கத்தைச் சுற்றிப் பந்தயத்துக்கான செம்மண் கொட்டி அடித்துக் கெட்டியாக்கியிருந்தார்கள். மற்றவர்கள் அண்ணாந்து கோபுரத்தைப் பார்த்தபோது ஃபோஸ்கா குனிந்து குதிகாலால் மண்ணை அழுத்திப் பார்த்தாள். ஈரம் சரியாக இருந்தது. அதைச் சொல்ல வலப்பக்கம் திரும்பினாள். அங்கே பாரிக்காரர் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

கதீட்ரலில் தரைச் சித்திரங்களை மூடியிருந்த பலகைகளை எடுத்துவிட்டிருந்தார்கள். லுடோவிகா கைப்பேசியை உயர்த்தினாள். "சிரிங்க அத்தை."

"எதுக்குடி? நானென்ன வெளியூருக்கா வந்திருக்கேன்?"

ஆனாலும் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நின்றாள்.

எதிரே பெரியாஸ்பத்திரி. இப்போது அதுவும் அருங்காட்சியகம். நீண்ட கூடத்தின் சுவர் முழுக்கப் பழைய ஓவியங்கள்: நோயாளியின் காலைக் கழுவுகிறார்கள், வைத்தியர் குப்பியைத் தூக்கிப் பார்க்கிறார், ஓரத்தில் ஒரு நாயும் பூனையும் சண்டை போடுகின்றன.

"இந்தக் கூடத்திலேயே படுக்கை போட்டு, நம்ம காலம் வரைக்கும் நோயாளிகளை வெச்சிருந்தாங்க," என்றது காதில் குரல்.

"எங்கப்பா இங்கதான் படுத்திருந்தார்," என்றாள் ஃபோஸ்கா, லுடோவிகாவிடம். "நாய் பூனைக்கு நேர் கீழ. பாக்க வந்தா, என்னை விட்டுட்டு அதைத்தான் காட்டுவார். இன்னைக்கு பூனை ஜெயிச்சுடும் பாருன்னுவார்."

லுடோவிகாவின் காதில் கருவி இருந்தது. தலையை ஆட்டிச் சிரித்தாள். அவளுக்குக் கேட்டதா தெரியவில்லை.

கட்டில் இருந்த இடத்தில் கயிறு கட்டியிருந்தது. ஃபோஸ்கா அதன் முன்னால் நின்றாள். அப்பா, லிவியோ, அவர்களைத் தெரிந்தவர்கள், எல்லோரும் ஊரில் இருந்த இடமெல்லாம் இப்போது கயிறு கட்டி, விளக்குப் போட்டு, பத்திரமாக இருக்கிறது. ஆட்கள்தான் இல்லை.

வெளியே வந்ததும் லுடோவிகா அவள் கையைப் பிடித்தாள். "போதும்னா சொல்லுங்க அத்தை, வீட்டுக்குப் போயிடலாம். தெரியாம பண்ணிட்டேன். டூச்சியோ முறைச்சப்பதான் புரிஞ்சுது."

"மியூசியம் நாளைக்குத் திறந்திருக்குமா?"

"இல்ல. பந்தயம் முடியற வரைக்கும் வெளியாளுக்கு மூடிடுவாங்களாம்."

"பந்தயம் முடியறப்ப நான் எங்க இருப்பேனோ," என்றாள் ஃபோஸ்கா. "வா."

*

ஆமைப் பேட்டை அருங்காட்சியகத்தின் வாசலில் அட்டிலியோ நின்றிருந்தான். லிவியோவுக்குப் பிறகு சாவி அவனிடம். அறுபது தாண்டிய கட்டைப் பிரமச்சாரி. லிவியோவை அண்ணன் என்றும் ஃபோஸ்காவை அண்ணி என்றும் கூப்பிடுகிறவன். வெளியூர்க்காரர்களை ஒவ்வொருவராக வரவேற்றுக்கொண்டு வந்தவன், தொப்பிக்குக் கீழே முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான்.

"சீட்டு இருக்கு," என்று லுடோவிகா நீட்டினாள்.

அட்டிலியோ சீட்டைப் பார்த்தான். தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தான். "சீட்டு இருந்தா சரி," என்றான் மெதுவாக. பிறகு சற்று உரக்க, "வாங்கம்மா, வெளியூரா? படி இருக்கு, பாத்து."

"பாத்துக்கறேன்," என்றாள் ஃபோஸ்கா.

உள்ளே மெழுகு வாசனை. சில ஞாயிற்றுக்கிழமைகளில் லிவியோவின் கோட்டில் இந்த வாசனை இருந்திருக்கிறது. மாதா கோயில் வாசனை என்று அவள் நினைத்திருந்தாள்.

கடைசி அறையில், ஜெயித்த பந்தயங்களின் பட்டுக் கொடிகள் உயரத்திலிருந்து தொங்கின. அட்டிலியோ நடுவில் வந்து நின்று, கைகளைப் பின்னால் கட்டி, கூரையைப் பார்த்துக்கொண்டு ஒப்பிக்க ஆரம்பித்தான். லிவியோவிடம் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்த பேச்சு. நிறுத்த வேண்டிய இடங்கள்கூட அவருடையவை.

"ஜெயிச்சா கிடைக்கறது இந்தத் துணி மட்டும்தான். ஒரு துணிக்கா இத்தனை சண்டைன்னு கேக்கறீங்க. கேளுங்க. என் வீட்லயும் ஒருத்தி கேப்பா. ஏன்னா என் வீட்ல ஒரு நத்தை இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். அட்டிலியோ கூரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வருஷத்துக்கு ரெண்டு தடவை அந்த நத்தை கோவிச்சுக்கிட்டு அண்ணன் வீட்டுக்குப் போயிடும். நான்தான் கம்பம் வரைக்கும் பையத் தூக்கிட்டுப் போவேன். கொடியெல்லாம் பாத்தீங்க இல்ல, ஆமைக்கு எவ்வளவு பெரிய ஓடு போட்டிருக்கான்? நம்பாதீங்க. அந்த நாலு நாள் என்னை வந்து பாருங்க. ஓடு நத்தையோட போயிருக்கும். நான் உள்ள இருக்கற மெத்துனு ஒரு பிராணியா உக்காந்திருப்பேன்."

மறுபடி சிரிப்பு. பாரிக்காரரின் மனைவி மட்டும், "பாவம்," என்றாள். "உங்க வீட்டம்மா இந்த வருஷமும் போவாங்களா?"

அட்டிலியோ வாயைத் திறந்தான். தனக்கு வீட்டம்மா என்று யாரும் இல்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. கண் கூரையிலிருந்து இறங்கி, கூட்டத்தைத் தாண்டி, கடைசியில் தொப்பியோடு நின்றவளிடம் வந்து நின்றது. அவன் காது மடல் சிவந்தது.

ஃபோஸ்கா காதிலிருந்த கருவியைக் கழற்றினாள். "போவா," என்றாள் அந்தப் பெண்ணிடம். "பையெல்லாம் கட்டியாச்சு."

வழிகாட்டி மற்றவர்களை மாடிக்கு அழைத்துப் போனாள். ஃபோஸ்கா சுவரோர பெஞ்சில் உட்கார்ந்தாள். லுடோவிகா கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டாள்.

"அண்ணி, சத்தியமா நான் வேணும்னு..." என்று அட்டிலியோ பக்கத்தில் உட்கார்ந்தபடி ஆரம்பித்தான். "அண்ணன் சொல்றதை அப்படியே பிடிச்சுக்கிட்டேன். எதை எடுக்கறது, எதை விடறதுன்னு தெரியல. நாளையிலேர்ந்து எடுத்துடறேன்."

"எடுக்காதே. எப்பவும் சொல்வாரா?"

"எல்லா ஞாயித்துக்கிழமையும்."

"என்கிட்ட ஒரு தடவை சொன்னதில்ல."

"உங்ககிட்ட எப்படிண்ணி சொல்வார்? ஆமை இல்ல?"

அவள் சிரித்தாள். பிறகு, "ஆனா பொய்யும் சொல்லியிருக்கார்," என்றாள். "அந்த நாலு ராத்திரியும் நீங்கல்லாம் மேசை போட்டுப் பாடுவீங்களே. எங்கண்ணன் வீடு வரைக்கும் கேக்கும். நான் இல்லாதப்பதான் மனுஷன் கொண்டாட்டமா இருக்கார்னு நினைச்சுப்பேன்."

அட்டிலியோ சாவிக்கொத்தைக் கையில் திருப்பினான். "பாட்டு நாங்க பாடுவோம். அண்ணன் சாப்பிட்டதும் எழுந்து வந்துடுவார்."

"வீட்டுக்கா?"

"இங்க. நீங்க உக்காந்திருக்கற பெஞ்சுலதான் படுப்பார். வீட்டுக்குப் போங்கண்ணேன்னா, அங்க ஆள் இல்லையேடான்னுவார்."

ஃபோஸ்கா பெஞ்சின் பலகையைத் தடவினாள். குறுகலான பலகை. லிவியோ உயரமான மனிதர். காலை எங்கே வைத்திருப்பார்?

அண்ணன் வீட்டுப் பின்னறையில் படுத்துக்கொண்டு, தூரத்துப் பாட்டில் அவள் ஒரு குரலைத் தேடுவாள். பல குரல்களிலிருந்து ஒன்றைப் பிரித்தெடுத்து, அதுதான் அவர் என்று முடிவு செய்த பிறகு தூங்குவாள். இத்தனை வருடமாக அது யாருடைய குரலோ.

"அட்டிலியோ, நாளைக்கு நான் போகல."

"அண்ணி?"

"வீட்லயே இருக்கப் போறேன். ஆள் இருக்கட்டும்."

அட்டிலியோ எழுந்தே விட்டான். "பந்தய நாளுலயா? எங்க தெருவுலயா? அது நடந்ததே இல்லண்ணி. பேட்டைத் தலைவர்கிட்ட கேக்கணும்."

"கேளு. ஜன்னல் சாத்தியிருக்கும். வெளிய வர மாட்டேன். ஆனா கழுத்துல எங்க துணிதான் கட்டியிருப்பேன், சொல்லிடு."

"அதை மட்டும் கழட்டிட்டா நான் எப்படியாவது பேசி..."

"கழட்டிட்டா, இத்தனை வருஷமா அவர் எந்த நத்தையைப் பத்திச் சொல்லிட்டிருந்தார்?"

மாடியில் வழிகாட்டியின் காலடிச் சத்தம் கேட்டது.

*

வீட்டுக்கு வந்ததும் ஃபோஸ்கா பையை லிவியோவின் நாற்காலியிலிருந்து இறக்கினாள். கழுத்துத் துணியை மட்டும் எடுத்துக்கொண்டு பையைக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். கோடு போட்ட தாளில், கன்னியாஸ்திரீகள் பள்ளியில் சொல்லிக் கொடுத்தபடி, வலது மூலையில் ஊரும் தேதியும் எழுதினாள்.

"கீனோ மாமாவுக்கு போன் பண்ணிடலாமே அத்தை," என்றாள் லுடோவிகா.

"போன்ல அவர் பேசுவார். காகிதத்துல நான் பேசலாம்."

எழுதியதை ஒருமுறை வாய்விட்டுப் படித்தாள். காதில் விழுவதற்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது.

"அன்புள்ள அண்ணா, நாளைக் காலை கம்பத்தடியில் காத்திருக்க வேண்டாம். பை வராது. நான் நத்தைதான், அதில் மாற்றமில்லை. ஜெயிக்க வேண்டும் என்று கதவைச் சாத்திக்கொண்டு இங்கிருந்தே வேண்டிக்கொள்கிறேன். இன்று மியூசியத்துக்குள் போனேன். மற்றவர்கள் சொல்லி நீ கேட்பதற்கு முன் நானே சொல்கிறேன். லிவியோ ஒவ்வொரு முறையும் ஆளில்லாத வீட்டுக்குப் போக முடியாமல் அங்கே ஒரு பெஞ்சில் படுத்திருக்கிறார். இந்த முறை வீட்டில் ஆள் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு உன் வீடா, தூரினா என்று யாரும் என்னைக் கேட்க வேண்டாம். நீ வெள்ளையடித்த அறை அழகாக இருக்கிறது. உன் முதுகு வலிக்கு அந்த அறைக் கட்டில்தான் நல்லது, நீ அதில் படுத்துக்கொள். பந்தயம் முடிந்த மறுநாள் சாப்பிட வா. ஜன்னலுக்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்துகொள். உன் தங்கை ஃபோஸ்கா."

லுடோவிகா பேனாவை எடுத்து மூடி வைத்தாள். பிறகு, "டூச்சியோகிட்ட யார் சொல்றது?" என்றாள்.

"அவன் ராத்திரி வந்து கேட்டா சொல்லலாம்."

"மாமாவுக்குக் கோவம் வரும்."

"வரும்."

"தபால்ல போடவா?"

"ஃபிளாரன்ஸ் போய்ச் சுத்திட்டு வரும். அதுக்குள்ள குதிரை ஓடியே முடிஞ்சுடும். நீ கொண்டு போ. இந்த வீட்ல அந்தப் பக்கம் போயிட்டு இந்தப் பக்கம் வர உன்னாலதான் முடியும். நீ எந்தப் பேட்டையும் இல்ல."

"பத்து வருஷமா அதைச் சொல்லித்தான் என்னைக் கேலி பண்ணினீங்க."

"இப்ப உபயோகப்படுது பார்."

ஃபோஸ்கா தாளை மூன்றாக மடித்து உறைக்குள் வைத்து, நாக்கால் நனைத்து, மேசையில் அழுத்தி ஒட்டினாள். சிவப்பு மஞ்சள் துணியைச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு, மருமகளோடு தானும் படி இறங்கினாள்.

தெருவில் நீள மேசைகளைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவளைப் பார்த்ததும் பேச்சுக் குறைந்தது. செய்தி அவளுக்கு முன்னால் வந்துவிட்டிருந்தது. மேசை விரிப்பைப் பிடித்திருந்த டூச்சியோ, அதைக் கீழே விடாமல், அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றான்.

விளக்குக் கம்பம் வரை நடந்தாள். அந்தப் பக்கம் நத்தைப் பேட்டையில் தம்பட்டம் பழகிக்கொண்டிருந்தார்கள். கடிதத்தை லுடோவிகாவின் கையில் கொடுத்துவிட்டு, ஓரடி பின்னால் நகர்ந்துகொண்டாள்.

"அண்ணி," என்று முதுகுக்குப் பின்னால் அட்டிலியோவின் குரல் கேட்டது. "தலைவர் உங்க வீட்டு வாசல்ல நிக்கறார். பேசணுமாம்."

"வரேன்," என்றாள் ஃபோஸ்கா, திரும்பாமல்.

கையில் வெள்ளை உறையோடு லுடோவிகா கம்பத்தைத் தாண்டி, சரிவில் இறங்கி, தெரு வளைகிற இடத்தில் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு மறையும் வரை அவள் அங்கேயே நின்றாள்.